மாலாம்மணி மூன்று தடவை கேட்டார்

உதவி செய்யத் தயாராக உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டுக்காரர்களிடம் போய், "எங்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்று சொல்லிவிட்டு வருவதற்காக விமானம் ஏறியவர்கள் உலகத்தில் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம். ஒருவர் எங்கள் கல்லூரித் தாளாளர். இன்னொருத்தி நான், எஸ்தர். வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள். இந்தப் பயணத்தில் மட்டும் தாளாளருக்கு மொழிபெயர்ப்பாளர்.

கல்லூரி காரமடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் வீடு போத்தனூரில். காலையில் ரயில் ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்தால் தூங்கி, கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே தூங்கிப் போய்ச் சேருவேன். காரமடையைச் சுற்றி எங்கே பார்த்தாலும் கறிவேப்பிலைத் தோட்டம். நாம் சாப்பிடும்போது ஓரமாக ஒதுக்கி வைக்கிற அந்த இலைதான் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. வெளிநாட்டுக்கும் போகிறது. ஆனால் இலையில் பூச்சிமருந்து எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல அக்கம்பக்கத்தில் ஒரு நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது.

அதற்குத்தான் இந்தத் திட்டம். பல நாட்டுப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் கைகோத்துக்கொண்டு விண்ணப்பித்தால், ஐரோப்பாவில் ஒரு நிதி அமைப்பு உதவும். இருப்பவர்கள் இல்லாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இல்லாதவர்களுக்கு இயந்திரமும் பயிற்சியும் கிடைக்கும். திறன் வளர்ப்பு என்று இதற்குப் பெயர். நிபந்தனை ஒன்றே ஒன்று. என்ன இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கிளம்புவதற்கு முன் தாளாளர் என்னை அழைத்தார். நூல் மில் வைத்திருப்பவர், தோட்டம் துரவு உள்ளவர், வாசலில் நிற்கும் காவலாளியைக்கூட "ஏனுங்க" என்றுதான் கூப்பிடுவார். அதே மரியாதையோடுதான் என் தலையிலும் கல்லைப் போட்டார்.

"ஏனுங்க டீச்சர், கெமிஸ்ட்ரில பசங்க சேர்றதே இல்லீங்களே. இந்தப் புராஜக்ட் வந்தா லேப்பு வரும், டிபார்ட்மென்ட்டும் நிக்கும். இல்லாட்டிப் போனா வர்ற ஜூன்ல மூடிப்போட்டு, அந்த ரூமைப் பேஷன் டிசைனிங்குக்குக் குடுத்தரலாம்னு ரோசனைங்க. சரிதானுங்களே?"

அந்தத் துறையில் சேர்ந்தபோது எனக்குத் தலையில் ஒரு நரைகூட இல்லை. அந்த ஆய்வுக்கூடத்தில் எந்தக் குழாயைத் திறந்தால் எந்தக் குழாயில் தண்ணீர் வரும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் வாயிலிருந்து வந்தது, "சரிங்க ஐயா."

விண்ணப்பம் தயாரிக்கும் கூட்டம் போலந்தில். நாங்கள் போன ஊரின் பெயரை வூச் என்று சொல்ல வேண்டும். எழுதியிருப்பதைப் பார்த்தால் லாட்ஜ் என்று படிக்கத் தோன்றும். தாளாளர் கடைசி வரைக்கும் லாட்ஜ் என்றே சொன்னார். "லாட்ஜுக்குப் போயிட்டு வாரேனுங்க" என்று அவர் போனில் உறவினர்களிடம் விடைபெற்றதைக் கேட்டுப் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வார்சா விமான நிலையத்தில் என் பெட்டி வந்தது. அவர் பெட்டி வரவில்லை. அதில் வேட்டி சட்டைகள் இருந்தன. அது பரவாயில்லை. அவருடைய வீட்டம்மா கட்டிக்கொடுத்த கச்சாயம், ஒப்புட்டு, எள்ளுருண்டை, பருப்புப் பொடி எல்லாமே அதில்தான். புரட்டாசி மாதம் வேறு. காரமடை ரங்கநாதருக்காக அவர் கறி மீன் தொடாத மாதம். அந்தப் பெட்டியை நம்பித்தான் மனிதர் கடல் தாண்ட ஒப்புக்கொண்டிருந்தார்.

காணாமல் போன பெட்டிக்குப் பதிவு செய்யும் பெண், "வேறு ஏதாவது சிரமம் உண்டா?" என்று கேட்டாள். மொழிபெயர்த்தேன்.

"ஒரு சிரமமும் இல்லீங்க அம்மணி. நெம்பச் சந்தோசம்" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். பெட்டியைத் தொலைத்துவிட்டு நெம்பச் சந்தோஷப்படுகிற பயணியை அவள் அன்றுதான் பார்த்திருப்பாள்.

அங்கிருந்து ரயில். வண்டி நின்றதும் பலகையில் ஊர்ப் பெயரைப் பார்த்து, தாளாளர் அவசரமாக இறங்கிவிட்டார். "ஐயா, இது அந்த ஸ்டேஷன் இல்லைங்க" என்று கத்திக்கொண்டே நானும் குதித்தேன். வண்டி எங்களை விட்டுவிட்டுப் போனது. நாங்கள் நின்ற இடம் ஊரின் ஓரத்து நிலையம். ஊர்ப் பெயருக்குப் பின்னால் இன்னொரு பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தது. பெரிய நிலையம் இன்னும் உள்ளே.

"இது அவங்க ஊர்ப் போத்தனூருங்க ஐயா" என்றேன். கோயம்புத்தூர் என்று நினைத்துப் போத்தனூரில் இறங்கி, ஆட்டோக்காரர்களிடம் சிக்கி விழிப்பவர்களைச் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். அப்போதெல்லாம் சிரித்திருக்கிறேன். இங்கே சிரிக்க ஆட்டோக்காரர்கூட இல்லை. குளிர் காதுக்குள் புகுந்தது.

எங்களைத் தேடிக் காரில் வந்து அழைத்துப் போனவர்தான் இந்தக் கூட்டணிக்குத் தலைவி. உணவு வேதியியல் பேராசிரியர், என் வயதிருக்கும், பெயர் மவ்கொஜாத்தா. தாளாளர் இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு "மாலா" என்று சுருக்கிக்கொண்டார். மரியாதை குறையக் கூடாதே என்று அம்மணியையும் சேர்த்துக்கொண்டார். அந்த அம்மாளும் மாலாம்மணி என்றால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

காரில் வரும்போது மாலாம்மணி, "எங்கள் ஊரைப் போலந்தின் மான்செஸ்டர் என்பார்கள்" என்றார். கோவையும் அப்படித்தான், தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்றேன். தாளாளர் யோசனையில் ஆழ்ந்தார்.

"ஏனுங்க டீச்சர், அப்ப நெசமான மான்செஸ்டர்க்காரங்க அவங்க ஊரை என்னன்னுங்க சொல்லிக்குவாங்க?"

மாலாம்மணிக்கு மொழிபெயர்த்தேன். அவர் சிரித்த சிரிப்பில் கார் ஒரு பக்கம் ஒதுங்கி நேரானது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

விடுதியில் இறக்கிவிட்டு, "களைத்திருப்பீர்கள், சூடாக ஒரு சூப் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார்.

"இப்பத்தானுங்க ஆச்சு" என்றார் தாளாளர்.

எங்கே ஆனது? விமானத்தில் கொடுத்த ரொட்டியையும் கோழி என்று ஒதுக்கிவிட்ட மனிதர். ஆனால் எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. ஒரு வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் முதல் தடவை "இப்பத்தானுங்க ஆச்சு". இரண்டாம் தடவை "அட, உங்களுக்கு எதுக்குங்க தொந்தரவு". மூன்றாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் கை கழுவ எழுந்திருக்கலாம். கூப்பிடுகிறவருக்கும் இது தெரியும் என்பதால் அவர் பாட்டுக்கு இலையைப் போட்டுக்கொண்டே இருப்பார். முதல் தடவையிலேயே உட்கார்ந்துவிடுகிறவரைப் பற்றி அவர் போன பிறகு நாலு வார்த்தை பேசுவார்கள்.

மாலாம்மணிக்கு இது தெரியாது. ஒரு தடவை கேட்டார், ஆயிற்று என்றதும் நம்பிவிட்டார். "நல்லது, அப்படியானால் ஓய்வெடுங்கள்" என்று போயே போய்விட்டார். தாளாளர் கதவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்க்கடையில் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிவந்து நான் மூன்று தடவை கேட்டேன். சாப்பிட்டார். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள என் பெட்டியிலிருந்த கறிவேப்பிலைப் பொடிப் புட்டியைக் கொடுத்தேன். கூட்டத்தில் காட்டுவதற்காகக் கொண்டுவந்த மாதிரி அது. பசித்த வயிற்றுக்கு முன்னால் மாதிரி எம்மாத்திரம்?

ஆசையாக மூடியைத் திறந்தவர், "இது ஆரு தோட்டத்துதுங்க?" என்றார்.

"உங்க தோட்டத்துதுதானுங்க. வீட்டம்மா கொடுத்தனுப்பிச்சாங்க. வெளிநாட்டுக்கு அனுப்பற சரக்குலிருந்தே எடுத்ததாமுங்க."

அவர் மூடியை மெதுவாகத் திருகி மூடினார். வெறும் ரொட்டியைச் சாப்பிட்டார். காரம் ஒத்துக்கொள்ளாது போல என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் டிராம். இயந்திரத்தில் டிக்கெட் வாங்கிப் பத்திரமாக அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டோம். உள்ளே ஒரு சின்னப் பெட்டியில் அதைச் செருகி முத்திரை குத்தினால்தான் செல்லும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பரிசோதகர் வந்தார். முத்திரை எங்கே என்றார். நான் விழித்தேன். தாளாளர் எழுந்து நின்று கும்பிட்டார்.

எங்களுக்கு உதவிக்கு வந்தவர் பின் இருக்கையில் காய்கறிப் பையோடு இருந்த ஒரு பெண்மணி. வந்தார் என்றா சொன்னேன், பாய்ந்தார். அவர் பேசியதைப் பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவி ஆங்கிலத்தில் எனக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்: "இந்தக் கிழட்டு டிராமில் ஏறியதற்கு நீங்கள்தான் அவர்களுக்குக் காசு கொடுக்க வேண்டும். குளிர்காலத்தில் கதவு மூடுவதில்லை. வெயில்காலத்தில் திறப்பதில்லை. என் முழங்கால் போனதே உங்கள் படியில் ஏறித்தான். டாக்டரைப் பார்க்கப் போனால் அவரும் லீவு."

பரிசோதகர் கோபப்படுவார் என்று பார்த்தேன். அவரோ பக்கத்தில் உட்கார்ந்து தன் முதுகு வலியைச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு பேரும் மாறி மாறிக் குறைப்பட்டு, கடைசியில் மிகவும் தெம்பாகி எழுந்தார்கள். எங்கள் டிக்கெட்டை அவரே பெட்டியில் செருகிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

எல்லாவற்றையும் நான் தமிழில் சொன்னதும் தாளாளருக்குத் தாங்கவில்லை. "முன்னப்பின்ன தெரியாத ஆளுகிட்டயாங்க இதையெல்லாம் சொல்றது? டாக்டர் லீவுங்கறதைக்கூடச் சொல்லிப்போட்டுதே அந்தம்மா!"

கூட்டத்தில் அதைவிடப் பெரிய அதிர்ச்சி காத்திருந்தது. அன்றைய அமர்வுக்கே குறைகள் அமர்வு என்றுதான் பெயர். மாலாம்மணி தொடங்கிவைத்தார். தன் துறையின் கூரை ஒழுகுவதைப் படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கீழே வைத்த வாளியையும் சேர்த்து எடுத்திருந்தார். அடுத்துப் போர்ச்சுகல்காரர் எழுந்தார். தன்னிடம் அருமையான இயந்திரம் இருப்பதாகவும், அதை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் ஓய்வு பெற்றுத் திராட்சைத் தோட்டம் பார்க்கப் போய்விட்டதாகவும் சொன்னார். வியட்நாமிலிருந்து வந்த பேராசிரியை மின்வெட்டைப் பற்றிச் சொன்னபோது எல்லாரும் ஆறுதலாகத் தலையாட்டினார்கள். யாருக்கும் வெட்கமே இல்லை. யார் வீடு அதிகமாக ஒழுகுகிறது என்று போட்டியே நடந்தது.

பிறகு எங்கள் முறை. தாளாளர் கொண்டுவந்த படத்தைப் போட்டார்கள்.

அந்தப் படத்தைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். பறக்கும் கேமராவில் எடுத்தது. முதலில் கோபுரம் மாதிரி வாசல் வளைவு. பிறகு வரிசையாகக் கல்லூரிப் பேருந்துகள். நாதஸ்வர இசை. அப்புறம் ஆய்வுக்கூடம். மேசை மேல் பளபளவென்று ஒரு குரோமட்டோகிராப் இயந்திரம். இலையில் தங்கிய மருந்தைத் துளியளவு இருந்தாலும் காட்டிக்கொடுக்கிற இயந்திரம் அது. அதன் மேல் கை வைத்தபடி தாளாளர் புன்னகைக்கிறார். படத்தில் தெரியாத ஒரு விஷயம், அந்த இயந்திரத்துக்கு மின்சார வயர் இல்லை. அவருடைய மச்சினன் கம்பெனியிலிருந்து படப்பிடிப்புக்காக லாரியில் ஏற்றிவந்து, சாயங்காலமே திருப்பி அனுப்பியது.

இதை மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க ஆள் வருகிறார்கள் என்றால் பக்கத்து வீட்டு நாற்காலி, எதிர் வீட்டு டம்ளர், மாமன் வீட்டுக் கார் எல்லாம் தானாக நம் வீட்டுக்கு வந்துவிடும். வருகிற சம்பந்தி வீட்டுக்காரர்களும் அதே மாதிரி இரவல் நாற்காலியை வைத்துத்தான் தங்கள் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொடுத்திருப்பார்கள். ஒறம்பரை என்கிற உறவுக்காரர் முன்னால் வீடு நிறைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படம் முடிந்ததும் மாலாம்மணி, "இது எங்களிடம் இருப்பதைவிடப் புதிய இயந்திரம் போலிருக்கிறதே" என்றார். பிறகு தாளாளரைப் பார்த்து, "உங்கள் குறைகள் என்னென்ன?" என்று கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன். மொழிபெயர்க்கும்போதே கண்ணால் கெஞ்சினேன்.

"ஒரு குறையும் இல்லீங்க. ரங்கநாதர் புண்ணியத்துல எல்லாம் நல்லா இருக்கறோம்."

மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அறையில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் அவர் மார்பில் கை வைத்துக்கொண்டு, தலையை நன்றாக ஆட்டிச் சொல்லியிருந்தார். அந்தத் தலையாட்டலுக்கு எந்த மொழியிலும் ஒரே அர்த்தம்தான். உள்ளதைச் சொன்னேன்.

மாலாம்மணி மகிழ்ந்துபோனார். அப்படியானால் எங்கள் கல்லூரி உதவி பெறும் இடம் அல்ல, மற்றவர்களுக்குப் பயிற்சி தரும் வழிகாட்டி நிறுவனமாக இருக்கட்டும் என்றார். நிதியில் வாங்கும் இயந்திரம் வியட்நாமுக்குப் போகும். அங்கிருந்து ஆட்கள் பயிற்சிக்குக் காரமடைக்கு வருவார்கள். வயர் இல்லாத இயந்திரத்தில் நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த இயந்திரமும் அப்போது மச்சினன் கம்பெனியில் இருக்கும்.

வெளியே வந்ததும் தாளாளர், "பாத்தீங்களா டீச்சர், நம்மளைக் குரு ஸ்தானத்துல வெச்சுப்போட்டாங்க" என்றார்.

"பார்த்தேனுங்க ஐயா" என்றேன். என் ஆய்வுக்கூடத்தில் தையல் இயந்திரங்கள் வரிசையாக நிற்பது கண்ணுக்குள் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்கக் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் ஊர் சுற்றிக் காட்டினார்கள். செங்கல் கட்டடமாக ஒரு பிரம்மாண்டமான பழைய பஞ்சாலை. இப்போது உள்ளே முழுக்கக் கடைகள். தாளாளர் சுவரைத் தடவிப் பார்த்தார். தறி எங்கே நின்றிருக்கும், பஞ்சு எந்தப் பக்கம் வந்திருக்கும் என்று எனக்குக் கையைக் காட்டிச் சொன்னார். "நம்மூர்லயும் மில்லை இடிச்சுட்டு மாலுதானுங்க கட்டறாங்க. இவங்க சொவத்தையாவது உட்டு வெச்சிருக்கறாங்க" என்றார். அன்று முதல்முறையாக அவர் குரலில் சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது.

அந்தக் கடைகளுக்கு நடுவே ஓர் உணவகம். நான் பொய் சொல்லப் போவதில்லை, அங்கே நான் நன்றாகச் சாப்பிட்டேன். பியரோகி என்று ஒன்று. நம் கொழுக்கட்டைதான், உள்ளே உருளைக்கிழங்கும் பால்கட்டியும். பீட்ரூட்டில் புளிப்பாக ஒரு ரசம். புளித்த மாவில் காய்ச்சிய ஒரு கஞ்சி, அதில் பன்றிக்கறித் துண்டுகள். எனக்குப் புரட்டாசி கிடையாது. நான் சர்ச்சுக்குப் போகிற ஆள். தாளாளரிடம் பியரோகித் தட்டை நீட்டி, "இதில் கறி இல்லை, சாப்பிடுகிறீர்களா?" என்றார் மாலாம்மணி.

"இப்பத்தானுங்க ஆச்சு."

தட்டு நகர்ந்து போர்ச்சுகல்காரரிடம் போனது. தாளாளரின் கண்ணும் தட்டோடு போனது. மூன்றாம் நாளாக வாழைப்பழம். உடம்பிலும் விமானம் ஏறியபோது போட்டிருந்த அதே சஃபாரி சூட்டு. பெட்டியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மாலையில் படியேறும்போது அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். என் கோபமெல்லாம் பாதியாகிவிட்டது.

கடைசி நாள் கூட்டத்தில்தான் யார் எந்த இடம் என்று முடிவாக எழுதப்போகிறார்கள். காலை இடைவேளையில் காப்பியும், பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியும் வந்தன. மாலாம்மணி தட்டை நீட்டினார்.

"இப்பத்தானுங்க ஆச்சு" என்றார் தாளாளர். குரலே எழும்பவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் வேலையை அந்த இடத்திலேயே விட்டேன். "அவருக்குச் சாப்பாடு ஒன்றும் ஆகவில்லை" என்றேன் மாலாம்மணியிடம் ஆங்கிலத்தில். "வந்ததிலிருந்து அரைப் பட்டினி. எங்கள் ஊரில் மூன்று தடவை கேட்க வேண்டும். நீங்கள் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போய்விடுகிறீர்கள்."

மாலாம்மணி அப்படியே நின்றுவிட்டார். "மூன்று தடவையா?"

"மூன்று."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு தாளாளருக்கு எதிரே உட்கார்ந்தார். மறுபடி கேட்டார். தொந்தரவு வேண்டாம் என்றார் தாளாளர். மறுபடியும் கேட்டார். தாளாளர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முதல் ரொட்டியை எடுத்தார். இரண்டாவதை எடுத்தார். தட்டு காலியானது. வியட்நாம் பேராசிரியை தன் தட்டையும் சத்தமில்லாமல் நகர்த்தி வைத்தார்.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டதும் மாலாம்மணி என்னிடம், "இதை மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்" என்றார். பிறகு அவரைப் பார்த்துக் கேட்டார்: "உங்கள் கல்லூரியில் என்ன குறை?"

"ஒண்ணுமில்லீங்க அம்மணி."

"உங்கள் கல்லூரியில் என்ன குறை?"

"அப்படியே ஒண்ணு ரெண்டு இருந்தாலும் நாங்களே சமாளிச்சுக்குவமுங்க."

மாலாம்மணி நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஐயா, உங்கள் கல்லூரியில் என்ன குறை?" அந்த ஐயாவை மட்டும் தமிழிலேயே சொன்னார். நான் கூப்பிடுவதைக் கேட்டுப் பழகியிருந்தார்.

தாளாளர் காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், நான் சொல்றதை அப்படியே சொல்லிப்போடுங்க. போன தையில நம்ம கருவேப்பிலைப் பொடி வெளிநாட்டுக்குப் போச்சுங்க. மருந்து நெம்ப நிக்குதுன்னு அத்தனையும் திருப்பி உட்டுட்டாங்க. ஊர்ல ஆருக்கும் தெரியாது. என்ற ஊட்டுக்காரிக்கே தெரியாதுங்க. குடோனுக்குப் பின்னால அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கறேன். அவ அது தெரியாம அதுலிருந்தே ஒரு புட்டி எடுத்து உங்குளுக்குக் குடுத்தனுப்பிச்சுட்டா."

எனக்கு அந்த முதல் நாள் ரொட்டி ஞாபகம் வந்தது. அவர் மூடியைத் திருகியதும் ஞாபகம் வந்தது. அவர் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன்.

"நான் கெட்ட மனசோட மருந்து அடிக்கலீங்க. எந்த மருந்து எத்தனை நாளைக்கு எலையில நிக்குதுன்னு எங்குளுக்குச் சொல்ல ஆளில்லை. கடைக்காரன் குடுக்கறதை அடிக்கறோம். ஊட்டுச் சாப்பாட்டுக்குன்னு மருந்தடிக்காம நாலு செடி தனியா வெச்சிருக்கறமுங்க. அப்படின்னா என்ன அர்த்தம்? மனசுக்குத் தெரியுதுன்னுதானுங்களே அர்த்தம்? படத்துல பாத்தீங்களே, அந்த மிசினு எங்குளுது இல்லீங்க. மச்சினன் கம்பெனிது. எங்க லேப்புல இருக்கறது இந்த டீச்சர் ஒருத்தர்தானுங்க."

கடைசி வரியை மொழிபெயர்க்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

யாரும் சிரிக்கவில்லை. போர்ச்சுகல்காரர் எழுந்துவந்து தாளாளரின் தோளில் தட்டினார். அவ்வளவுதான், அணை உடைந்துவிட்டது. நூலகத்துக் கூரை, கோடையில் வற்றும் கிணறு, வாசல் வளைவில் வந்திருக்கும் விரிசல், பாதி நாள் ஓடாத பேருந்து, கேன்டீன் சாம்பார் எல்லாம் வரிசையாக வந்தன. மாலாம்மணி எழுதி மாளாமல் கையை உதறினார். டிராமில் பார்த்த அந்தப் பெண்மணி இருந்திருந்தால் எங்கள் தாளாளரைத் தம்பியாகவே தத்து எடுத்திருப்பார்.

எங்கள் கல்லூரியை மறுபடி உதவி பெறும் பக்கம் எழுதினார்கள். இயந்திரம் வியட்நாமுக்கும் காரமடைக்கும் ஒவ்வொன்று கேட்டுப் பார்ப்பது என்று முடிவானது. கிடைக்குமா என்பது எங்கள் கையில் இல்லை. நிதி அமைப்பு முடிவு சொல்ல அடுத்த ஆடி ஆகிவிடும் என்றார் மாலாம்மணி. ஆடிக்கு முன்னால் ஜூன் வந்துவிடும் என்பது எனக்கு உடனே உறைத்தது. வாயைத் திறக்கவில்லை.

ஊருக்குக் கிளம்புகிற காலையில் விடுதி வாசலில் பெட்டி வந்து நின்றது. தாளாளர் அதைத் திறந்து கச்சாய டப்பாவை எடுத்து மாலாம்மணியிடம் நீட்டினார். மூன்று தடவை கேட்கத் தயாராக மூச்சை இழுத்துக்கொண்டார். அதற்குள் அந்த அம்மாள் டப்பாவை வாங்கித் திறந்து ஒன்றைக் கடித்தேவிட்டார்.

"மொதத் தடவையிலயே வாங்கிருச்சுங்க, பாருங்க" என்று ரயிலில் பாதி வழிவரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார்.

கோவையில் இறங்கியதும் தன் காரிலேயே என்னைப் போத்தனூரில் விடுவதாகச் சொன்னார். வழியெல்லாம் அவர் வீட்டம்மாவிடம் குடோன் விஷயத்தை எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். என் வீட்டு வாசலில் கார் நின்றது. நான் கதவைத் திறக்கும்போது கேட்டார்.

"ஏனுங்க டீச்சர், உங்குளுக்கு எதாச்சும் குறை இருக்குதுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க ஐயா" என்றேன். யோசிக்காமலேயே வந்துவிட்டது.

"இல்லீங்க, சும்மா சொல்லுங்க."

"எல்லாம் நல்லாத்தானுங்க போய்ட்டிருக்குது."

அவர் டிரைவரிடம் வண்டியை அணைக்கச் சொன்னார். தெருவே அமைதியானது.

"டீச்சர், உங்குளுக்கு என்னங்க குறை?"

நாலு நாளாக மனதுக்குள் அவரைக் கேலி செய்துகொண்டு வந்தவள் நான். இப்போது காரின் கதவைப் பிடித்துக்கொண்டு, அவர் காப்பிக் கோப்பையைப் பார்த்தது போலவே என் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஜூன்ல டிபார்ட்மென்ட்டை மூடிராதீங்க ஐயா. புராஜக்ட் வந்தாலும் வராட்டியும் மூடாதீங்க. எனக்கு அதை உட்டா வேறொண்ணும் தெரியாதுங்க. மிசின் வர்ற வரைக்கும், இருக்கற சாமானை வெச்சே அந்தத் திரும்பி வந்த பொடியில என்ன இருக்குதுன்னு ஆரம்பிச்சுப் பாக்கறேன். பசங்களையும் நானே ஊரூராப் போய்ச் சேத்தறேன்."

அவர் என்னையே பார்த்தார். "மூடலீங்க. துணி தைக்கறதுக்கு வேற ரூமு பாத்துக்கலாம்" என்றார். பிறகு கொஞ்சம் வருத்தமாகவே கேட்டார்: "இதை நான் அன்னைக்குக் கேட்டப்பவே சொல்லிருக்கலாமுங்களே டீச்சர்?"

"நீங்க ஒரு தடவைதானுங்களே கேட்டீங்க?"

அவர் சிரித்தார். டிரைவரும் முன்னால் திரும்பிக்கொண்டு சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இந்தத் தடவை மறைக்கவில்லை.

"உள்ளே வந்து ஒரு வாய் காப்பி சாப்பிட்டுப் போங்க ஐயா" என்றேன்.

"இப்பத்தானுங்க ஆச்சு."

"வாங்கய்யா."

"அட, உங்களுக்கு எதுக்குங்க தொந்தரவு" என்று சொல்லிக்கொண்டே அவர் காரை விட்டு இறங்கினார். நான் மூன்றாம் தடவை கூப்பிடுவதற்குள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார்.